கண்டம் கழிந்ததா, தண்ணீர் கெட்டதா?

வீட்டுத் தொட்டியில் மீன் செத்துப்போனால் நம் ஊரில் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. யாராவது ஒரு பெரியவர் அதைத் தயாராக வைத்திருப்பார். "வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. நல்லதுன்னு நினைச்சுக்கோ." அரோவானா செத்தால் பெரிய கண்டம், கோல்ட்ஃபிஷ் செத்தால் சின்னக் கண்டம். வாஸ்துப்படி எட்டு சிவப்பு, ஒரு கறுப்பு என்று ஒன்பது கோல்ட்ஃபிஷ் வாங்கி விட்ட வீட்டில் கறுப்பு போய்விட்டால் திருஷ்டி கழிந்த திருப்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய் இன்னொரு கறுப்பு வாங்கி வருவார்கள். அதுவும் போய்விடும். அந்த வீட்டுக்கு எத்தனை கண்டம்தான் வரும் என்று யாரும் கேட்பதில்லை.

யாருடைய நம்பிக்கையோடும் எனக்குச் சண்டையில்லை. மீன் போன வருத்தத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது ஓர் ஆறுதல், இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பிடிக்காதது, அந்த வாக்கியத்தோடு விசாரணை முடிந்துவிடுவது. "மீன்னா சாகத்தானே செய்யும்" என்பதும் அதே ரகம். கோல்ட்ஃபிஷ் ஆறு மாதம் இருந்தாலே பெரிது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஓரளவு பெரிய தொட்டியில் ஒழுங்காக வைத்தால் அது பத்து வருடத்துக்கு மேல் இருக்கக்கூடிய மீன். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற கோல்ட்ஃபிஷ் 1999 வரை இருந்தது. 43 வருடம்! நம் வீட்டுக் கண்ணாடிக் குடுவையில் அது ஒரு தீபாவளியிலிருந்து பொங்கல் வரை தாங்கினால் அதிர்ஷ்டம்.

நான் ரொம்ப வருடமாகத் தொட்டி வைத்திருப்பதால், சொந்தத்திலும் எங்கள் குடியிருப்பிலும் மீன் செத்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். பிழைத்த மீனுக்கு யாரும் போன் செய்வதில்லை. இந்தப் பழக்கத்தில் ஒன்று புரிந்தது. மீன் திடீரென்று சாவது அபூர்வம். நாம் திடீரென்று பார்க்கிறோம், அவ்வளவுதான். அதற்கு முந்தின ஒன்றிரண்டு நாளில் தண்ணீருக்கு ஏதோ நடந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். செத்த விதத்தைக் கவனித்தாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

நான் கேட்கும் முதல் கேள்வி: ஒரே ராத்திரியில் மொத்தமாகவா, ஒன்றொன்றாகவா? ஒன்றொன்றாக, நாலு நாளைக்கு ஒன்று என்று போனால் நோய், சண்டை, வயசு, அல்லது மெதுவாகக் கெட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் மிதக்கிறது என்றால் நோயை மறந்துவிடலாம். எந்த நோயும் ஒரே ராத்திரியில் கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்ட்ஃபிஷ் என்று இனம் பார்க்காமல் அள்ளிக்கொண்டு போகாது. அங்கே சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: காற்று அல்லது விஷம்.

அந்த இரண்டில் எது என்பதை, பிழைத்த மீனே சொல்லிவிடும். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து வெறும் காற்றை வாய்வழியாக இழுத்துச் சுவாசிக்கக்கூடியவை. தலைக்குள் அதற்கென்று தனி உறுப்பு உண்டு. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் சக்கர் மீனுக்கும் காற்றை விழுங்கிச் சமாளிக்கும் திறமை இருக்கிறது. ஆக, தொட்டியே காலியாகி, கௌராமியும் சக்கரும் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தால், தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்திருக்கிறது. பெரிய மீன்கள் முதலில் போய், குஞ்சுகள் பிழைத்திருந்தாலும் பெரும்பாலும் அதே கதை, பெரிய உடம்புக்குக் காற்று அதிகம் வேண்டும். கௌராமியும் சேர்ந்து போயிருந்தால் தண்ணீருக்குள் ஏதோ விழுந்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாவது மாடி டீச்சரம்மா கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் மேல வாங்களேன். மீனெல்லாம் போச்சு." போய்ப் பார்த்தால், இரண்டரை அடித் தொட்டியில் ஏஞ்சல்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. செவுள் மூடி விரிந்து, உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறி, ஓரமெல்லாம் சளி கட்டினாற்போல் இருந்தது. கௌராமியும் போயிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தம். டீச்சரம்மா குரலைத் தாழ்த்தி, "வேலைக்கு வர்ற பொண்ணு பக்கத்துல துடைச்சிட்டிருந்தா. ஏதாவது லோஷன் பட்டிருக்குமோ?" என்றார். (மீன் செத்த வீட்டில் கண்டத்துக்கு அடுத்தபடியாகப் பழி விழுவது இந்தப் பெண்கள் மேல்தான். நான் பார்த்தவரை அவர்களில் ஒருத்தர்கூடக் குற்றவாளியாக இருந்ததில்லை.)

"நேத்து தண்ணி மாத்தினீங்களா?"

"ஞாயித்துக்கிழமைன்னா மாத்துவேனே. பாதி எடுத்துட்டு நேரா பைப்புல புடிச்சு ஊத்தினேன். எப்பவும் அப்படித்தான்."

எப்போதும் அப்படித்தான், எப்போதும் ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்கு மட்டும் என்ன வந்தது? குளியலறையில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து முகத்தருகே கொண்டுபோனேன். நீச்சல் குளத்து வாடை. கீழே இறங்கி வாட்ச்மேனைக் கேட்டேன். "ஆமா சார், சனிக்கிழமை சம்ப் கழுவினாங்க. ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் போட்டாங்க." அதற்குள் முதல் மாடிப் பையனின் கப்பிகளும் போன செய்தி வந்துவிட்டது. அவன் மாற்றக்கூட இல்லை, குறைந்திருந்த அளவுக்கு ரெண்டு மக் ஊற்றியிருக்கிறான், சின்னக் குடுவைக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது. நாலாவது மாடியில் ஒரு வீட்டில் வாரக்கணக்கில் தண்ணீரே மாற்றாத தொட்டி, பாசி பிடித்து, பார்க்கவே சகிக்காது. அதில் இருந்த மீன்கள் அத்தனையும் நலம். சோம்பேறித்தனம் ஜெயித்த அபூர்வமான நாள் அது.

குடிநீரில் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. நமக்கு அது பாதுகாப்பு. நேரடியாகத் தண்ணீரோடு ரத்தம் உரசும் செவுளுக்கு அந்த அளவே அதிகம். பிளீச்சிங் பவுடரைக் கண் அளவில் கொட்டிய சம்பில் அது எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வழி சுலபம். பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, முடிந்தால் ஏர் பம்ப் ஓடவிட்டால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட், சில நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். பத்து இருபது ரூபாய்ச் சமாச்சாரம். இது வீட்டில் இல்லாமல் மீன் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டால் நான் ஆதரிப்பேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி உண்டு. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரே தண்ணீர் இல்லை. மழை நல்லபடியாகப் பெய்த வருடத்தில் புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர். சில பகுதிகளில் வீராணம். 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தபின், அந்தப் பக்கத்துக் குழாய்களில் அது. மெட்ரோ தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர், போர் வற்றினால் லாரி. எல்லாம் ஒரே சம்பில் கலக்கிறது. 2019 கோடையில் ஏரிகளெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நம் தொட்டிக்கு வந்தது என்று லாரி டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். போன வாரம் ஊற்றிய தண்ணீருக்கும் இந்த வாரத் தண்ணீருக்கும் உப்பு வேறு, கடினத்தன்மை வேறு, பி.எச். வேறு. நாம் குளித்தால் சோப்பு நுரைக்காது, அதோடு போயிற்று. மீனுக்கு உடம்பின் உப்புக் கணக்கே குழம்பிவிடும்.

அதனால்தான் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் நல்லது என்று நினைக்கிறார்கள். என் மைத்துனர் மகன் அப்படித்தான் செய்தான். "மாமா, நாங்க குடிக்கிற தண்ணியத்தான் ஊத்தினேன். அதைவிட சுத்தமா எங்க போறது?" பாவம், பாசத்தில் செய்தது. போர் தண்ணீரில் பிறந்து வளர்ந்த மோலிகளைத் திடீரென்று உப்புச்சத்து அநேகமாக இல்லாத தண்ணீரில் விட்டால், அவற்றின் உடம்புக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும், வெளியேற்றி மாளாது. அது மட்டுமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டுகள்தான் பி.எச்.சைத் தாங்கிப் பிடிப்பவை. ஆர்.ஓ.வில் அவை கிட்டத்தட்ட இல்லை. மீன் கழிவில் உண்டாகும் அமிலத்தை எதிர்க்க ஆளில்லாமல் சில நாளில் பி.எச். சரிந்துவிடும். கேன் தண்ணீருக்கும் இதே கதைதான். டிஸ்கஸ் மாதிரி மென்தண்ணீர் மீன் வளர்ப்பவர்கள் ஆர்.ஓ.வை அளந்து கலந்து பயன்படுத்துகிறார்கள். அது வேறு வித்தை.

இப்போது பெரும்பாலான சாவுகளுக்கு மூலமான விஷயத்துக்கு வருகிறேன். அம்மோனியா. மீன் தன் கழிவில் பெரும்பங்கை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. சாப்பிடாமல் மிச்சம் கிடக்கும் தீனியும், செடிக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் செத்துக் கிடக்கும் கப்பியும் அழுகி அதையேதான் தருகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் கவலையில்லை, அது கரைந்து போகும். ரெண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? அதை உண்டு வாழும் பாக்டீரியாக்கள்தான் நம்மைக் காப்பாற்றுகின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை, அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டாவது வேலையைத் தொட்டிகளில் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் ரொம்ப காலம் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். 1998-ல் டிமதி ஹோவனெக்கும் கூட்டாளிகளும் உண்மையான தொட்டிகளில் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே இருப்பது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். பெயர் எதுவானாலும், இவை பில்டர் ஸ்பாஞ்சிலும் அடி மணலிலும் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும்.

நாம் என்ன செய்கிறோம்? சனிக்கிழமை தொட்டி, ஞாயிற்றுக்கிழமை மீன். அதுவும் தொட்டி நிறைய. கடைக்காரர் "ஒரு நாள் தண்ணி ஓடட்டும் சார்" என்று சொன்னால் அவர் நல்லவர். முதல் நாலு நாள் எல்லாம் துள்ளி விளையாடும். ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாக மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். புதுத் தொட்டியில் நடக்கும் சாவுகளில் பெரும்பங்கு இதுதான். இதற்கு மருந்தே கிடையாது. பொறுமையும், கொஞ்சமாக மீனும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுவதும்தான்.

கடைக்காரர்கள் "கல் உப்பு போடுங்க" என்பார்களே, அதைக் கைவைத்தியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் கலந்து, ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. ரத்தம் பழுப்பாகிவிடும், சுற்றிலும் காற்று இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வாசலில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் போட்டால் நிறைய மீன்கள் தாங்கும். செடி வைத்த தொட்டியில் மட்டும் யோசித்துப் போட வேண்டும்.

அம்மோனியாவில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பழைய தொட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கடிக்காது, மற்றது கொல்லும். எது எவ்வளவு என்பதை பி.எச். தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் கொல்லும் வடிவம் 1 சதவீதம்கூட இல்லை. பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். கிட்டத்தட்ட பத்து மடங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். மாதக்கணக்கில் மாற்றாத தொட்டியில் தண்ணீர் மெல்ல மெல்ல அமிலமாகியிருக்கும். அமிலம் ஏற ஏற அந்த பாக்டீரியாக்களும் சுணங்கிப்போகும், அம்மோனியா சேரும். ஆனால் கடிக்காத வடிவில். மீன்களும் பழகிப்போய் இருக்கும். திடீரென்று பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஞானோதயம் வந்து, முக்கால் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, பி.எச். 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றுவோம். மிச்சக் கால் தொட்டியில் இருந்த அம்மோனியாவில் ஒரு பகுதி, சில நிமிடத்தில் கொல்லும் வடிவுக்கு மாறும். ராத்திரிக்குள் சாவு. "நான் தண்ணியே மாத்தறதில்லப்பா, மாத்தினா செத்துடுது" என்று சொல்லும் ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்தது நிஜம், முடிவுதான் தலைகீழ். அப்படிப்பட்ட தொட்டியை ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு என்று வாரக்கணக்கில் நிதானமாகத்தான் மீட்க வேண்டும்.

மின்வெட்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் ஒன்று. தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கிற தண்ணீர், 32 டிகிரியில் 7 மில்லிகிராம் சொச்சம்தான் பிடிக்கும். அதே சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனால், நெரிசலான தொட்டிக்கு விடியும் வரை நேரமிருக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும். டிவிக்குக்கூட இணைப்பு கொடுத்திருப்பார்கள். நாலைந்து வாட் இழுக்கும் ஏர் பம்ப் மட்டும் சாதாரண பிளக்கில் இருக்கும்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது மக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி மீனைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையில் வேலை செய்யும். இன்னொரு எச்சரிக்கை: மூடிய டப்பாவாக இருக்கும் பில்டர் பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே பாக்டீரியா செத்து அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடி, அந்த நாற்றத் தண்ணீரைத் தொட்டிக்குள் துப்பும். ஓடவிடுவதற்கு முன் திறந்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட வேண்டும். குழாயடியில் பிடித்துக் கழுவினால் குளோரின் மிச்ச பாக்டீரியாவையும் தீர்த்துவிடும்.

கொசு மருந்து. பூச்சி மருந்து ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை, மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு கொடிது. ஹாலில் கரப்பானுக்கு அடித்தால், ஏர் பம்ப் அந்தக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதும். பெயின்ட் அடிக்கும் நாளிலும், பூச்சிக்காரர் வரும் நாளிலும் தொட்டியை ஈரத் துணியால் மூடி, பம்பின் காற்று இழுக்கும் பக்கத்தை வேறு அறைக்கு மாற்ற வேண்டும். சானிடைசர் தேய்த்த கையைத் தொட்டிக்குள் விடுவதும் கூடாது.

நோயைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எல்லோரும் அதை முதலில் வைப்பதுதான். மீன் செத்ததும் கடைக்கு ஓடி, நீல மருந்து, பச்சை மருந்து, மஞ்சள் பொடி என்று மூன்றையும் வாங்கி வந்து ஒன்றாக ஊற்றுவார்கள். நீல மருந்தான மெத்திலீன் புளூ, பில்டரில் வாழும் பாக்டீரியாவையும் பாதிக்கும். அதாவது அம்மோனியாவில் திணறும் தொட்டியில், அம்மோனியாவைத் தின்னும் ஆளையே அடிக்கிறோம். உண்மையிலேயே நோய் என்றால் உடம்பில் அடையாளம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் குளிரும்போது ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வரும். அது ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, அடுத்த மீனைத் தேடித் தண்ணீரில் நீந்தும் கட்டத்தில் மட்டும்தான் சாகும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் அடுத்த வாரம் இரட்டிப்பாக வரும். சாக்கடை ஓரத்தில் அள்ளி வரும் உயிருள்ள செம்புழுவைத் தீனியாகப் போடுவதையும் நிறுத்துங்கள். மீன் ஆசையாகத் தின்னும், கூடவே என்னென்னவோ உள்ளே போகும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையோ கொளத்தூரோ, எங்கே வாங்கினாலும் புது மீனை ரெண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள். இடமில்லை என்பார்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பும் ஸ்பாஞ்ச் பில்டரும் போதும்.

சரி, காலையில் எழுந்து பார்த்தால் பாதி மீன் மிதக்கிறது, பாதி திணறுகிறது. என்ன செய்வது? முதலில், எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கல்லையும் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பும் வெறி வரும். அதைச் செய்யாதீர்கள். மிச்சம் இருப்பதைக் கொல்ல அதைவிட நிச்சயமான வழி இல்லை. செத்ததை உடனே அப்புறப்படுத்துங்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள், பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தால் கடன் வாங்குங்கள். தண்ணீரை மாற்றும் முன் ஒரு சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து மூடி வையுங்கள். பின்னால் சோதித்துப் பார்க்க அந்த ஒரு பாட்டில்தான் சாட்சி. பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, ஆன்டி குளோரின் கலந்து, தொட்டியின் சூட்டுக்குச் சமமாக இருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்து, மெதுவாக ஊற்றுங்கள். பல மாதம் மாற்றாத தொட்டி என்றால் மேலே சொன்ன மாதிரி பத்தில் ஒரு பங்கு மட்டும். ஸ்ப்ரே, லோஷன் என்று விஷ சந்தேகம் இருந்தால் பில்டரில் கார்பன் போடுங்கள். ரெண்டு நாள் தீனி வேண்டாம். ஆரோக்கியமான பெரிய மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட, கொடுக்காமல் போவது எத்தனையோ மேல்.

அம்மோனியா, நைட்ரைட், பி.எச். பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். மீன் விலையோடு ஒப்பிட்டால் அதிகமாகத் தெரியும், செத்த மீன்களின் மொத்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். "கொஞ்சம்தான் இருக்கு" என்பது பதில் இல்லை.

மனசு விட்டுப்போய், மிச்ச மீன்களை ஏரியில் விட்டுவிடலாம் என்று கிளம்புபவர்கள் உண்டு. புண்ணியம் என்று நினைக்கிறார்கள். யாரோ ஒரு காலத்தில் அப்படி விட்டதுதான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கும் சக்கர். கடையில் திருப்பிக் கொடுங்கள், தெரிந்த ஆளிடம் கொடுங்கள். செத்ததைப் பூந்தொட்டி மண்ணில் புதையுங்கள். அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு: சம்பில் பிளீச்சிங் பவுடர் போடுவதற்கு முந்தின நாள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

கடைக்காரரிடமோ, என்னை மாதிரி ஆளிடமோ கேட்கப் போகும்போது செத்த மீனைப் படம் பிடித்துக்கொண்டு வராதீர்கள். அதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், வைத்து எவ்வளவு நாளாயிற்று, கடைசியாக எப்போது எந்தத் தண்ணீர் எவ்வளவு மாற்றினீர்கள், அந்த ரெண்டு நாளில் வீட்டில் புதிதாக என்ன நடந்தது, எந்த மீன் முதலில் போனது, எது பிழைத்தது. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, அந்த அரை லிட்டர் பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள்.